வீட்டுக்குள் ஒரு குரல் அறை: வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். வீட்டில் உட்கார்ந்தபடி வாய்ஸ் ஓவர் பேச வேண்டும்; எங்கோ ஓர் ஊரில் இயக்குநரும் ஒலிப்பதிவாளரும் அதே நொடியில் கேட்டுத் திருத்தம் சொல்வார்கள்; அதற்கு என்னென்ன வேண்டும்? ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

விளம்பரங்களுக்கும் இணையவழிப் பாடங்களுக்கும் வீட்டில் பதிவு செய்து ஃபைலாக அனுப்பி வருகிறேன். இப்போது ஒரு மும்பை ஏஜென்சி லைவ் செஷன் கேட்கிறது. இருக்கிற செட்டப் போதுமா? எதற்கு முதலில் பணம் போடுவது?
– வாசகி, திருச்சி

ஃபைல் அனுப்பும் வேலையில், காக்கா கத்தினால் கத்தி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கலாம். குக்கர் விசில் விழுந்த வரியை மறுபடி பேசி ஒட்டிவிடலாம். லைவ் செஷனில் அந்தச் சலுகை கிடையாது. எதிர்முனையில் நான்கு பேர் காத்திருப்பார்கள், அங்கே ஒலிப்பதிவாளரின் மணி ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அறையின் அமைதிக்கும், கரன்ட், இணைய இணைப்பு இரண்டின் நம்பகத்துக்கும்தான் முதல் பணம். மைக் கடைசி. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு, விலை கூடிய மைக்கில் பக்கத்து வீட்டு மோட்டார் சத்தத்தைத் துல்லியமாகப் பதிவு செய்கிறவர்கள்தான் அதிகம்.

போதுமா என்பதை நீங்களே அளந்துவிடலாம். வழக்கமான தூரத்தில் நின்று, சத்தமாகப் பேசும் வரியின் உச்சம் மைனஸ் 6 டெசிபல் அருகே வரும்படி (0தான் கணினி தாங்கும் உச்சம்) கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, வையுங்கள். பிறகு அதைத் தொடாமல், பேசாமல், ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அடாசிட்டி என்ற இலவசப் பதிவு மென்பொருளில் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் உள்ள ‘மெஷர் ஆர்எம்எஸ்’ கொடுத்தால் சராசரி ஒலி அளவாக ஓர் எண் வரும். மைனஸ் 60க்குக் கீழே இருந்தால் வேலைக்கு ஆகும். ஆடியோபுக்குக்கு ஏசிஎக்ஸ் தளம் கேட்கும் வரம்பும் இதுதான். மைனஸ் 65 என்றால் நிம்மதி. மைனஸ் 50 என்றால் இன்னும் லைவ் செஷனுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். காலை 7, மதியம் 12, மாலை 6 என மூன்று வேளையும் அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றாக வராது. எந்த வேளை நன்றாக இருக்கிறதோ அந்த நேரத்தை ஏஜென்சியிடம் நீங்களே முன்மொழியலாம்.

10க்கு 10 அடி அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியாகிவிட்டது. எதிரொலியும் நிற்கவில்லை, தெருச் சத்தமும் குறையவில்லை. என்ன தவறு?
– வாசகர், மதுரை

முதலில் அந்த அட்டைகளைக் கழற்றுங்கள். ஒலிக்கு அவற்றால் பயன் இல்லை, தீப்பிடித்தால் சுவர் முழுவதும் எரியும்.

வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒரு வேலை. உள்ளே எழும் குரல் சுவரில் பட்டுத் திரும்பாமல் உறிஞ்சுவது வேறு வேலை. முன்னதற்குக் கனமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். பின்னதற்குக் காற்று நுழையக்கூடிய, தடிமனான, நார்த்தன்மையுள்ள பொருள் வேண்டும். முட்டை அட்டையில் கனமும் இல்லை, தடிமனும் இல்லை. கடையில் விற்கும் ஒரு அங்குல ஃபோம் அதைவிடச் சற்று மேல், அவ்வளவுதான். 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கூர்மையை மட்டும் அது விழுங்கிவிட்டு, கீழே உள்ள குமுறலை அப்படியே விட்டுவிடும். குரல் பானைக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

தெருச் சத்தத்துக்குக் கதவிலிருந்து தொடங்குங்கள். 7 அடிக்கு 3 அடிக் கதவின் அடியில் 1 சென்டிமீட்டர் சந்து இருந்தால், அது கதவின் பரப்பில் அரை சதவீதம்கூட இல்லை. ஆனாலும் கதவு தேக்கானாலும் இரும்பானாலும், அந்தச் சந்து இருக்கும்வரை மொத்தத் தடுப்பு 23 டெசிபலைத் தாண்டாது. சுற்றிலும் ரப்பர் பீடிங், அடியில் தரையைத் தொடும் சீல், ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் சிலிக்கான்: சில நூறு ரூபாய் வேலைக்கு இவ்வளவு பலன் வேறெதிலும் கிடைக்காது. கண்ணாடிச் சட்டங்களை வரிசையாகச் சாய்த்துத் திறக்கும் லூவர் ஜன்னல் இருந்தால், உள்பக்கமாக 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றைச் சட்டத்தில் அழுத்தமாகப் பொருத்துங்கள். அந்த ஜன்னலை வேறு எந்த வித்தையாலும் அடைக்க முடியாது.

எதிரொலிக்கு ராக்வூல் என்ற பாறை நார்ப்பஞ்சு. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 50 மில்லிமீட்டர் தடிமன், 1,000க்கு 600 மில்லிமீட்டர் அளவு ஸ்லாப் என்று கேளுங்கள். ஏசி டக்ட் வேலை செய்பவர்களுக்குப் பொருள் தரும் கடைகளில் இருக்கும். 4 அங்குல ஆழத்தில் ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, ஸ்லாப்பை முன்பக்கமாக வைத்து, பின்னால் 50 மில்லிமீட்டர் காலியாக விடுங்கள். சுவரோடு ஒட்டி வைத்தால் ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் நன்றாக உறிஞ்சும். இந்தக் காலி இடம் அதை 250 வரை கீழே இறக்கும். செலவில்லாமல் கிடைக்கும் தடிமன் அது. மேலே காடாத்துணி போர்த்துங்கள். துணி சரியா என்று பார்க்க, வாயை வைத்து ஊதுங்கள். மறுபுறம் வைத்த உள்ளங்கையில் காற்றுப் பட வேண்டும். ரெக்ஸின், பிளாஸ்டிக் பூச்சுத் துணிகள் ஆகாது. வெட்டும்போது மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். நார் தோலில் குத்தினால் இரண்டு நாள் அரிக்கும்.

உங்கள் அறைக்கு எட்டு பலகை போதும். பேசுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு, மைக்குக்குப் பின்னால் இரண்டு, இருபுறமும் ஒவ்வொன்று, தலைக்கு மேல் இரண்டு. எல்லோரும் மைக்குக்குப் பின்னால் மட்டும் ஒட்டுவார்கள். முன்பக்க ஒலியை மட்டும் நன்றாக வாங்கும் கார்டியாய்டு மைக் பார்ப்பது உங்கள் முகத்தையும் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும்தான். அந்தச் சுவர் மொட்டையாக இருந்தால் மற்ற ஆறும் வீண். டைல்ஸ் தரையில் தடித்த ஜமக்காளம் இரண்டு மடிப்பு போடுங்கள்.

பலகை தயாராகும்வரை இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை முதுகுப்பக்கம் ‘வி’ வடிவில் நிறுத்தி, நடுவில் நின்று பேசிப் பாருங்கள். நாலங்குலப் பஞ்சு நல்ல உறிஞ்சி. கண்ணுக்கு அழகாக இருக்காது, காதுக்கு இருக்கும்.

அறைக்குள் தனியாக 4க்கு 4 அடி பூத் கட்டலாமா? ஆசாரி ரெடியாக இருக்கிறார்.
– வாசகர், ஈரோடு

அவரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். 4 அடி இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சுவர் இருந்தால், சுமார் 140 ஹெர்ட்ஸில் ஒலி அவற்றுக்கு இடையே நின்று முழங்கும். ஆண் குரலின் அடிச்சுருதி உலவும் இடம் அது. நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் முழக்கம் இரட்டிப்பாகும். சில எழுத்துகள் மட்டும் திடீரென்று கனத்து ஒலிக்கும், குறிப்பிட்ட ஹெர்ட்ஸை மட்டும் கூட்டிக் குறைக்கும் எந்த ஈக்யூவாலும் சுத்தமாக எடுக்க முடியாது. கட்டியே ஆக வேண்டும் என்றால் 6க்கு 5 அடிக்குக் குறையாமல், எதிரெதிர்ச் சுவர்கள் சற்றே கோணலாக, உள்ளே 100 மில்லிமீட்டர் ராக்வூலுடன் கட்டுங்கள். பெரிய அறையில் நல்ல பலகைகள் உள்ள ஒரு மூலை, சின்னப் பெட்டியைவிட இயல்பாக ஒலிக்கும் என்பது எங்கள் தீர்ப்பு. தெரு மிக மோசமாக இருந்தால் மட்டும் பெட்டி.

மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் ஒரு மணி நேரம் எப்படி?
– வாசகி, சென்னை

செஷனுக்கு அரை மணி முன்பே ஏசியை 20 டிகிரியில் ஓட்டி அறையைக் குளிர வைத்துவிட்டு, தொடங்கும்போது அணைத்துவிடுங்கள். நன்றாக அடைத்த அறையில் 20 முதல் 25 நிமிடம் தாங்கும். ‘இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிட இடைவேளை’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். அவர்களுக்கும் காபி வேண்டும். லேப்டாப்பை அறைக்கு வெளியே வைக்க முடிந்தால் சூடும் குறையும், அதன் ஃபேன் சத்தமும் போகும். மைக்கில் செருகும் எக்ஸ்எல்ஆர் கேபிள் 10 மீட்டர் போனாலும் தரம் குறையாது. யூஎஸ்பி 2 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. எனவே நீள வேண்டியது மைக் கேபிள். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ், லேப்டாப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பருத்தி உடை அணியுங்கள். பட்டு சரசரக்கும். வளையல், கொலுசு, உலோகச் சங்கிலி வைத்த கைக்கடிகாரம் எல்லாம் வெளியே.

லேப்டாப் சார்ஜரைச் செருகினால் ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம். பிடுங்கினால் நின்றுவிடுகிறது. மைக் பழுதா?
– வாசகர், சேலம்

மைக் நன்றாகத்தான் இருக்கிறது. அறிகுறி எர்த்தைக் காட்டுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரீங்காரம் 50இலும் அதன் மடங்குகளான 100, 150இலும் விழும். லேப்டாப்பின் உலோக உடலை விரலால் தொடும்போது சத்தம் குறைகிறதா பாருங்கள். குறைந்தால் எர்த் இல்லை அல்லது பலவீனம் என்று கிட்டத்தட்ட உறுதி. எலக்ட்ரீஷியனை வரவழைத்து அந்த பிளக் பாயின்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 20, 30 காட்டினால் எர்த் குழியையும் வயரிங்கையும் சரிசெய்யாமல் வேறு எது வாங்கியும் பயனில்லை.

எர்த் சரியாக இருந்தும் ரீங்காரம் வந்தால், லேப்டாப், மானிட்டர், இன்டர்ஃபேஸ் மூன்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகுங்கள். வெவ்வேறு பிளக் பாயின்டில் இருந்தால் அவற்றின் எர்த்துகளுக்குள் சின்ன வித்தியாசம் இருக்கும், அது யூஎஸ்பி வழியாக ஓடும். சார்ஜரின் எர்த் பின்னை உடைப்பது, மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டர் போடுவது போன்ற தெருமுனை வைத்தியம் வேண்டாம், ஷாக் அடிக்கும்.

ரீங்காரமாக இல்லாமல் ‘ஸ்ஸிர்ர்’ என்று கூர்மையாக இரைந்தால் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி டிம்மர், ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். அவசரத்துக்கு ஒரே வழி: முழு சார்ஜ் ஏற்றி, செஷனைப் பேட்டரியில் முடிப்பது.

100 எம்பிபிஎஸ் ஃபைபர் வைத்திருக்கிறேன். ஆனாலும் எதிர்முனையில் என் குரல் துண்டு துண்டாகப் போகிறதாம். வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?
– வாசகர், திருநெல்வேலி

ஆகாது. கணக்கைப் பாருங்கள். ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஓப்பஸ் கோடெக்கில் நல்ல தரமான குரலுக்கு 128 கேபிபிஎஸ் போதும். ஒரு மணி நேரம் பேசினாலும் 58 எம்பிதான் செலவு. எதையும் சுருக்காமல் 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 சாம்பிள்), 24 பிட் மோனோவாக அனுப்பினால்கூட 1.15 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. உங்களிடம் இருப்பது அதைப்போல் பல மடங்கு. குறை வேகத்தில் இல்லை, சீரில். குரல் 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, வரிசையாகப் புறப்படும். ஒரு துண்டு 15 மில்லிநொடியில் போய்ச் சேர்ந்து அடுத்தது 120 மில்லிநொடி எடுத்துக்கொண்டால், அந்த இடத்தில் எதிர்முனையில் ஓட்டை. இதைத்தான் ஜிட்டர் என்கிறார்கள். டவுன்லோடு வேகச் சோதனை இதைக் காட்டாது.

பத்தில் எட்டு பங்கு வைஃபைதான் காரணம். ரவுட்டரிலிருந்து கேட்-6 லேன் கேபிள் இழுத்து, லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் சில லேப்டாப்புகள் சொல்லாமல் கொள்ளாமல் வைஃபைக்கே தாவும். மீதிக் காரணம் வீட்டில் உள்ளவர்கள். யாராவது ஒருவருடைய செல்போன், கல்யாண வீடியோவை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அப்லோடு பாதை நிரம்பினால் உங்கள் குரல் துண்டுகள் வரிசையில் நிற்கும். செஷன் நேரத்தில் மற்ற எல்லாப் போனுக்கும் வைஃபை கட்.

கேபிள் போட்ட பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘பிங்’ கட்டளையை 200 முறை ஓட்டுங்கள். ஒரு சின்னத் துண்டை அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தை அது அளக்கும். ஒன்றுகூடத் தொலையக் கூடாது. மிகக் குறைந்த எண்ணுக்கும் மிக அதிக எண்ணுக்கும் இடையே 30 மில்லிநொடிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தப் பதிவைக் காட்டி இணைப்பு நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். ‘ஸ்லோவா இருக்கு’ என்ற புகாரைவிட அது வேகமாக நகரும்.

லைவ் செஷனுக்கான சோர்ஸ்-கனெக்ட் மென்பொருளைப் போட்டேன். போர்ட் (வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வரும் வாசல்) திறக்க வேண்டும் என்கிறது. ரவுட்டரில் திறந்த பிறகும் தோல்வி என்றே காட்டுகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் வேன் (WAN) ஐபி முகவரி, அதாவது வெளி இணையத்தை நோக்கிய முகவரி, என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, உங்களுக்குத் தனிப் பொது முகவரி தரப்படவில்லை. ஒரே முகவரிக்குப் பின்னால் பல வீடுகள் இருக்கின்றன. சிஜிநாட் என்பது இதுதான். உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தாலும் அபார்ட்மென்ட் கேட் பூட்டியிருக்கிறது. இணைப்பு நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத தனிப் பொது முகவரி, கேளுங்கள், பெரும்பாலும் தனிக் கட்டணம். அல்லது போர்ட் எதுவும் கேட்காத, பிரவுசரிலேயே ஓடும் கிளீன்ஃபீட், ஐபிடிடிஎல், செஷன்லிங்க் புரோ போன்ற சேவைகளுக்கு எதிர்த்தரப்பு சம்மதிக்குமா என்று விசாரியுங்கள். எதைப் பயன்படுத்துவது என்பதைப் பொதுவாக அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அவர்கள் ஜூமிலேயே போதும் என்றால், ஆடியோ அமைப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ போட்டு, எக்கோ கேன்சலேஷனை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சொற்களின் முதலெழுத்தை ஜூம் தின்றுவிடும்.

எதிர்முனையில் பேசுகிறவர்களுக்கு அவர்கள் குரலே திரும்பக் கேட்கிறதாம். எனக்கோ என் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கிறது. இரண்டும் ஒரே கோளாறா?
– வாசகி, யாழ்ப்பாணம்

இல்லை, தனித்தனி. முதல் கோளாற்றை இந்த வரிசையில் தேடுங்கள். எதிர்முனையை ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணச் சொல்லிவிட்டு, உங்கள் ஹெட்ஃபோன் ஒலியை முழுவதும் குறையுங்கள். திரும்பக் கேட்பது நின்றால், ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து மைக்கில் ஏறியிருக்கிறது. காதை மூடும் குளோஸ்டு பேக் ஹெட்ஃபோன் வாங்குங்கள், ஒலியையும் குறைத்து வையுங்கள். நிற்காவிட்டால், இன்டர்ஃபேஸின் லூப்பேக் இயங்குகிறது: அவர்கள் குரலே கணினியிலிருந்து உங்கள் மைக்குடன் கலந்து அவர்களுக்குப் போகிறது. வானொலிக்காரர்கள் ‘மிக்ஸ் மைனஸ்’ என்பார்கள். எல்லாம் கலந்த ஒலியிலிருந்து அவரவர் குரலை மட்டும் கழித்துவிட்டு அவரவருக்கு அனுப்புவது. வீட்டு செட்டப்பில் அதற்கு எளிய வழி, லூப்பேக்கை அணைத்துவிட்டு, மைக் உள்ள சேனல் 1ஐ மட்டும் வெளியே அனுப்புவது.

குடத்துக்குள் பேசுவது போன்ற ஒலிக்குக் காரணம், உங்கள் குரல் இரண்டு வழியில் காதுக்கு வருவது. இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் உடனே தருகிறது. பதிவு மென்பொருள் அதையே சில மில்லிநொடி தாமதித்துத் தருகிறது. மென்பொருள் ஒலியைச் சேர்த்து வைத்து எடுக்கும் பஃபர் 256 சாம்பிள் என்றால், 48 கிலோஹெர்ட்ஸில் 5.3 மில்லிநொடி. போகவும் வரவும் சேர்த்தால் பத்தைத் தாண்டும். இரண்டும் கலந்தால் அந்தக் குட ஒலி. மென்பொருளின் இன்புட் மானிட்டரை அணைத்து, டைரக்ட் மானிட்டரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். தாமதம் ஒருபுறம் இருக்க, அதன் மைக்கைக் கணினி தானாகப் பிடித்துக்கொண்டால் ஒலித் தரம் டெலிபோன் அளவுக்கு இறங்கிவிடும்.

அனுப்பிய பதிவு அங்கே வேகமாகவும் கீச்சென்றும் ஓடியதாம்!
– வாசகர், புதுச்சேரி

44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவானதை 48 கிலோஹெர்ட்ஸ் என்று எண்ணி ஓட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய 8.8 சதவீத வேகம் கூடும், சுருதி ஒன்றரை சுரத்தானம் ஏறும். படத்தோடு சேரும் வேலை எல்லாமே 48தான். இன்டர்ஃபேஸின் கன்ட்ரோல் பேனல், விண்டோஸ் சவுண்ட் செட்டிங், பதிவு மென்பொருள் ஆகிய மூன்று இடத்திலும் 48,000 என்றே இருக்கிறதா என்று ஒவ்வொரு செஷனுக்கு முன்பும் பாருங்கள். ஏதாவது ஒரு ஆப் திறக்கும்போது சத்தமில்லாமல் மாற்றிவிடும்.

மைக் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஏமாற்றுகிறீர்களே?
– வாசகர், தஞ்சாவூர்

வேண்டுமென்றேதான். ஒவ்வொரு கண்டென்சர் மைக்குக்கும் தனக்கென ஓர் இரைச்சல் உண்டு. ஆடியோ-டெக்னிகா ஏடி2020க்கு 20 டெசிபல், சென்ஹைசர் எம்கேஎச் 416க்கு 13, ரோடு என்டி1க்கு 4.5. உங்கள் அறையே 35 டெசிபலில் இரைந்தால் இந்த வித்தியாசம் யாருக்கும் கேட்காது. அறை அமைதியானால், நெருக்கமாக மெல்லப் பேசும் பாணிக்கு என்டி1 நல்ல முதல் மைக். 416 விளம்பர உலகின் செல்லப்பிள்ளை. ஆனால் பலகை இல்லாத சின்ன அறையில், பக்கவாட்டிலிருந்து திரும்பி வரும் ஒலியை அது விகாரமாக்கும். ஷுர் எஸ்எம்7பி யூடியூபில் எல்லோர் முன்னாலும் இருக்கிறது என்று வாங்காதீர்கள். அதற்கு 60 டெசிபல் கெயின் வேண்டும், விலை குறைந்த இன்டர்ஃபேஸ்கள் அந்த உச்சத்தில் இரையத் தொடங்கிவிடும்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம், மைக் சற்றுப் பக்கவாட்டில். தமிழ்ப் பகரத்தில் மூச்சு குறைவு. ‘பழம்’, ‘பணம்’ பெரும்பாலும் பாதகமில்லை. ‘பவர்’, ‘பேஸ்ட்’, ‘பெயின்ட்’ என்று விளம்பர ஆங்கிலம் வரும்போதுதான் காற்று வெடிக்கும். அந்தக் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டரை மைக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் பயன் பாதி.

வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறேன். போர்க்கால அவசரத்துக்கான கான்கிரீட் பாதுகாப்பு அறை சும்மா கிடக்கிறது. அதையே பூத் ஆக்கலாமா?
– வாசகி, சிங்கப்பூர்

வெளிச் சத்தத்தைத் தடுக்க அதைவிட நல்ல அறை வீட்டில் கிடையாது. உள்ளொலிக்கு அதைவிட மோசமான அறையும் கிடையாது: மொட்டைக் கான்கிரீட், எதிரெதிர்ச் சுவர், சின்ன அளவு. கைதட்டினால் ‘ட்ர்ர்ர்’ என்று உதறும். சுவரை இடிப்பது, துளைத்து மாற்றுவது, காற்றுத் துளைகளை அடைப்பது எல்லாம் விதிப்படி கூடாதவை. எனவே தரையில் தானாக நிற்கும் பலகைகளாக மட்டும் வையுங்கள். நான்கு மூலையிலும் 100 மில்லிமீட்டர் தடிமன், மீதி இடத்தில் 50. தேவைப்பட்டால் ஒரு மணி நேரத்தில் காலி செய்ய முடிய வேண்டும்.

இன்னொரு சிக்கல், வைஃபை அந்தச் சுவரைத் துளைக்காது. லேன் கேபிள் விட்டால் இரும்புக் கதவு மூடாது. அதனால் கதவைக் கைப்பிடி அளவு திறந்து வைத்து, வாசலில் கனமான ரஜாய் இரண்டு தொங்கவிடுங்கள். கதவை இறுக மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவது உடம்புக்கும் நல்லதில்லை.

செஷன் நடக்கும்போது நானும் தனியாகப் பதிவு செய்ய வேண்டுமா? அவர்கள்தான் பதிவு செய்கிறார்களே. நடுவில் கரன்ட் போனால் என்ன செய்வது?
– வாசகர், விழுப்புரம்

கண்டிப்பாகச் செய்ய வேண்டும். அவர்களுக்குப் போவது இணையத்தில் நசுங்கிய ஒலி. உங்கள் கணினியில் இருப்பது அசல். நடுவில் ஒரு சொல் உடைந்தால் உங்களிடம்தான் கேட்பார்கள். ரீப்பர் மென்பொருளில் செய்யலாம். மேலே சொன்ன ரீப்பர் கட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 60 நாள் இலவசமாகப் பழகிப் பார்க்கலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ வேவ். வணக்கம் சொல்லும்போதே ரெக்கார்டு அழுத்திவிட்டு, ‘நன்றி’ சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு 520 எம்பிதான். டேக்குக்கு டேக் நிறுத்தித் தொடங்குகிறவர்கள், நல்ல டேக்கின்போது ரெக்கார்டு அழுத்த மறந்திருப்பார்கள். இயக்குநர் ‘இது ஓகே’ என்றதும் ‘எம்’ விசையைத் தட்டினால் அந்த இடத்தில் குறி விழும். முடிவில் அசையாமல் 30 நொடி ரூம் டோன், அதாவது பேச்சில்லாத அறையின் ஒலி, எடுங்கள். வெட்டி ஒட்டுகிறவர்கள் வாழ்த்துவார்கள். கம்ப்ரஷன், நாய்ஸ் கேட் எதுவும் போடாமல் அசலாக அனுப்புங்கள்.

கரன்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும். யூஎஸ்பியில் மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸும் அது மைக்குக்குக் கொடுக்கும் 48 வோல்ட்டும் அதோடு ஓடும். சாவது ரவுட்டரும் சுவரில் உள்ள ஃபைபர் பெட்டியும்தான். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறும் கணத்தில் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். திரும்பி எழ இரண்டு, மூன்று நிமிடம். இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். அல்லது இரண்டு பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்குங்கள். வாங்கும் முன் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள். எல்லாப் பெட்டியும் 12 வோல்ட் இல்லை. இதற்கும் மேலே ஒரு காப்பு வேண்டுமானால் செல்போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை (போனின் இணையத்தைக் கணினிக்குத் தருவது) தயாராக வையுங்கள், ஒருமுறை ஒத்திகையும் பாருங்கள்.

கணினியே நடுவில் அணைந்து, பதிவான வேவ் ஃபைல் திறக்க மறுத்தால் அழித்துவிடாதீர்கள். ஃபைலின் தலைப்பகுதியில் நீளத்தை எழுதுவதற்குள் அணைந்திருக்கும். ஒலி உள்ளேயே இருக்கும். அடாசிட்டியில் இம்போர்ட், ரா டேட்டா, 24 பிட் பிசிஎம், லிட்டில் எண்டியன், மோனோ, 48,000 என்று கொடுத்துத் திறங்கள். தொடக்கத்தில் ஒரு சின்ன ‘டிக்’ கேட்கும், அதை வெட்டிவிட்டால் முழுப் பதிவும் கையில் இருக்கும். இரைச்சலாக மட்டும் கேட்டால் ஆஃப்செட்டை ஒரு பைட், இரண்டு பைட் என்று தள்ளிப் பாருங்கள்.